வாஷிங் மெஷின் மோட்டாரில் ஆபீஸுக்கு வந்த சரோஜா

சூடான வார்னிஷ் வாசனை... டெல்லி கரோல் பாகில் மோட்டார் வைண்டிங் கடைகள் இருந்த சந்துக்குள் நுழைந்தாலே மூக்கில் ஏறும். எண்பதுகளின் தொடக்கம். வயிற்றுக்கு ஆபீஸ், மனசுக்கு அந்தச் சந்து என்று இருந்தேன்.

எங்கள் ஆபீஸில் சரோஜா டைப்பிஸ்ட். திருநெல்வேலிக்காரர். சின்ன வயதில் போலியோ வந்து நடக்க முடியாமல் போனது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் கரோல் பாகிலிருந்து தினமும் வருவார். வழியில் ரிட்ஜ் காட்டை ஒட்டி ஒரு மேடு. அங்கே யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும். ஆள் கிடைக்காமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் நான் தள்ளினேன். மேட்டில் ஏறியதும் சொன்னார்:

"தள்ளுற எல்லாரும் நல்லவங்கதான், ரமணி. ஆனா தினமும் தேங்க்ஸ் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது...

பழைய சாமான் விற்கும் கபாடிக் கடையில் ஒரு வெளிநாட்டு வாஷிங் மெஷின் கிடந்தது. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருந்தது. அப்படியென்றால் பேட்டரியிலும் ஓட வைக்கலாம்! வைண்டிங் மிஸ்திரி பல்பீரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"துணி துவைக்கிறதை ரோட்டுல ஓட்டப் போறீங்களா, பாபுஜி?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். ஆனால் தடித்த செப்புக் கம்பியில் பிரமாதமாகச் சுற்றிக் கொடுத்தார்.

சரோஜாவின் வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டு லாரி பேட்டரி, ஒரு சைக்கிள் செயின், ஒரு பெரிய சுவிட்ச்.

முதல் சோதனையில் செயின் அறுந்தது. இரண்டாவதில் வண்டி பின்னால் போனது!

"பரவால்ல, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப இது ஆகும்," என்றார் சரோஜா. சிரித்துக்கொண்டே வயரை மாற்றிப் போட்டோம்.

திங்கட்கிழமை காலை. அவர் முன்னால், நான் சைக்கிளில் பின்னால். மேட்டில் மோட்டார் மிக்ஸி மாதிரி அலறியது. கருகல் வாசனை வேறு.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பக்கூட இல்லை. பஸ் ஸ்டாப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கண்டக்டர் பஸ்ஸைத் தட்டி "ஷாபாஷ்!" என்றார். சரோஜா மேட்டைத் தாண்டி, இறக்கத்தில் மறைந்தே போனார்.

ஆபீஸுக்குப் போனால்... அவர் சீட் காலி!

பத்தரை ஆயிற்று. பதினொன்று. பிரேக் பிடிக்கவில்லையோ, எங்காவது மோதிவிட்டாரோ... தேடிப் போகலாம் என்று எழுந்தபோது வாசலில் அந்த அலறல் கேட்டது. கலைந்த தலையும் சிவந்த முகமுமாக வந்து சேர்ந்தார்.

செக்ஷன் ஆபீசர் கடிகாரத்தைக் காட்டினார். சரோஜா தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தியா கேட்டை ரெண்டு சுத்து சுத்திட்டு வாரேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் லேட்டு, ரமணி!"

இன்று கரோல் பாக் மெட்ரோ வாசலில் பேட்டரி ரிக்ஷாக்கள் மொய்க்கின்றன. போனில் ஆர்டர் செய்தால் பேட்டரி வீல்சேர் வீட்டுக்கே வந்துவிடுகிறது. சரோஜாவும் ஒன்று வாங்கியிருக்கிறார். போன வாரம் தனியாக மெட்ரோவில் போய், கையில் ஐஸ்கிரீமோடு ஒரு செல்ஃபி அனுப்பினார். பின்னால் அத்தனை கூட்டம்.

"பாத்தீங்களா, ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கல!" என்று எழுதியிருந்தார்.

அவருக்கு அதில் எவ்வளவு மகிழ்ச்சி! எனக்கும்தான்...

ஆனாலும், ஒரு பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்த அந்தக் காலை நேரத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.