அறுபத்தைந்துக்குக் கீழே இறங்காத இதயம்

ஜார்ஜ்டவுனில் நாங்கள் போன தனியார் மருத்துவமனையின் முன்கூடத்தில் ஆளுயரப் பதாகை ஒன்று நின்றது. புதிதாக வந்திருக்கும் எக்ஸ்ரே ஸ்கேன் இயந்திரம் ஒரே துடிப்பில் முழு இதயத்தையும் முப்பரிமாணத்தில் படம் பிடித்துவிடும் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். தமிழில் இல்லை. பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் மலை ஏறி இறங்கிய களைப்புகூட இல்லாமல் இருந்தார். அவருக்கு எதற்கு ஸ்கேன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்கேன் தேவைப்பட்டது என் கணவருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய் வருகிறவர். படியேறினால் நெஞ்சு அடைக்கிறது என்பதை என்னிடம் வாரக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார். எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானதால்தான் விஷயம் வெளியே வந்தது. மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றவர், "காத்து லா, சாப்பிட்டது செமிக்கல" என்றார். அங்கேயே, அக்கம்பக்கத்து வீடுகள் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்கு அவரைத் திட்டினேன். பயம் வந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, எந்த இடத்தில், எவ்வளவு என்று படம் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப் போடாதீர்கள் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமைக்கு நேரம் கொடுத்தார்கள்.

ஸ்கேன் பிரிவில் இருந்த பெண் புக்கிட் மெர்தாஜாம்காரி, நம் தமிழ்ப் பிள்ளை. என் கணவரைப் படுக்க வைத்து, நெஞ்சில் ஒட்டவேண்டியதை ஒட்டி, தலைமாட்டுத் திரையைக் காட்டினாள். அதில் எழுபத்தெட்டு என்று பச்சையாக மின்னியது.

"ஆண்ட்டி, அங்கிளோட ஹார்ட் ரேட் அறுபத்தஞ்சுக்குக் கீழ வரணும். ரொம்ப வேகமா துடிச்சா படம் கலங்கிடும். மாத்திரை குடுத்திருக்கேன், வெயிட் பண்ணுவோம்."

"மிஷினு ரொம்ப வேகம்னு வெளிய எழுதியிருக்கே?"

"வேகம்தான் ஆண்ட்டி. ஆனா ஹார்ட்டும் கொஞ்சம் கோ-ஆப்ரேட் பண்ணணும்லா."

உலகத்திலேயே வேகமான இயந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மனிதனை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். சரி, பெரிய இடம், நமக்கென்ன தெரியும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எண் எழுபத்திரண்டுக்கு இறங்கியது. அப்போதுதான் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மருத்துவமனைக்குப் போகிறார் என்றால் அது குடும்ப நிகழ்ச்சி. வரவேண்டாம் என்று சொன்னால் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். வராமல் இருந்துவிட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது. ஆகவே தாசேக் கெலுகோரிலிருந்து என் நாத்தனார் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். உள்ளே என்னைத் தவிர ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்றாள் அந்தப் பெண். அதை அவர்கள் மீறவே இல்லை. ஒருவர் வெளியே வர ஒருவர் உள்ளே போக, கோயிலில் தரிசனம் நடப்பது போல நடந்தது.

நாத்தனார் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். அவருடைய ஆறுதல் எப்போதும் செத்துப்போனவர்களைப் பற்றியது.

"பயப்படாதடா தம்பி. நம்ம தாமான்ல அடுத்த தெருவுல ஒருத்தர் இருந்தாரு, இதே மாதிரி நெஞ்சு வலிதான். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. கெரெத்தா கதவத் தொறந்து ஏறப் போனவரு, அப்படியே போயிட்டாரு. உனக்கு அப்படியெல்லாம் ஆகாது."

எண்பத்தொன்று. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடையில் மீட்டர் ஓடுவதைப் பார்ப்பது போல ஒரு வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்தவர் புரூட் ஜூஸ் குடித்தே அடைப்பைக் கரைத்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். அதற்கு அடுத்தவர், எதற்கும் சொத்து விவரமெல்லாம் பெண்டாட்டியிடம் சொல்லி வைப்பது நல்லது என்றார்.

உச்சத்தைத் தொட்டவன் என் கொழுந்தன். அண்ணன் காலையிலிருந்து வெறும் வயிறு என்று கேள்விப்பட்டு, தெருமுனை மாமாக் உணவுக் கடையிலிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக்கைப் பையில் கட்டி வாங்கி வந்து, நான் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துக் கொடுத்துவிட்டான். நான் திரும்பி வந்தபோது என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுகுழாயில் நிம்மதியாக இழுத்துக்கொண்டிருந்தார். பாதிப் பை காலி.

"கோப்பி கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னாங்களே, காதுல விழலையா?"

"ஆமா அண்ணி, கோப்பி கூடாது. இது தே லா."

இவன் இருபது வருஷமாகப் பாதுகாப்பு அதிகாரி வேலை பார்க்கிறவன். விதியில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவன். அந்தப் பெண் வந்து பையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். எண்பத்தாறு.

"அண்ணே, தேத்தண்ணியிலயும் அதே சாமான்தான் இருக்கு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு மாத்திரை குடுக்கிறேன் ஆண்ட்டி. மூணு மணிக்குள்ள இறங்கலனா இன்னிக்கு முடியாது. அடுத்த தேதி அடுத்த மாசம்தான் இருக்கு" என்றாள்.

அடுத்த மாதம். எங்கள் லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. இந்த மனிதர் இன்னும் எத்தனை முறை அந்தப் படிகளை ஏற வேண்டும்? வெளியே போய் நாத்தனார், கொழுந்தன், வேன் கூட்டம் எல்லாரையும் கீழே சிற்றுண்டிச் சாலைக்கு விரட்டினேன். என்னை இனி எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னதாக ஞாபகம்.

அறை அமைதியானது. எண் இறங்கி எழுபதில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். நான் திட்டவில்லை. போர்வையைச் சரிசெய்தேன், நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். எழுபத்துமூன்று. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். தயங்கித் தயங்கி என் அருகே வந்தாள்.

"ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

நான் வெளியே போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறுபத்தெட்டு. அறுபத்தாறு. அறுபத்துமூன்று. முப்பது வருஷம் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, இந்த மனிதர் என்னைவிட ஒரு மூடிய கதவோடு நிம்மதியாக இருக்கிறார். தே தாரிக்கும் நானும் ஒரே ரகம். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். படம் எடுத்த நேரத்தில் எனக்கு மூக்கைச் சிந்தி முடிக்கக்கூட முடியவில்லை.

மாலையில் மருத்துவர் திரையில் அவர் இதயத்தைச் சுழற்றிக் காட்டினார். பாசாரில் இறைச்சிக் கடையில் தொங்குவது போலத்தான் இருந்தது. முன்பக்கக் குழாய் ஓரிடத்தில் நூலாக மெலிந்திருந்தது. இப்போது பார்த்தது நல்லதாகப் போயிற்று, நாளைக் காலையே குழாயை விரித்து ஸ்டென்ட் என்ற கம்பிவலை வைத்துவிடலாம் என்றார். நாத்தனார் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை, அவரை உள்ளே கொண்டுபோவதற்கு முன் வீட்டு ஆட்கள் பார்க்கலாம் என்றார்கள். நான் கதவோரமாகவே நின்றேன். தலைமாட்டில் மறுபடியும் அதே மாதிரித் திரை, அறுபத்தொன்று. குறைந்திருப்பதை நான் போய் ஏன் கெடுக்க வேண்டும்?

"அங்க என்ன பண்ற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இங்கயே இருக்கேன். நான் வந்தா ஏறும்."

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கிக் கட்டிலின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ஏறட்டும். நீ வா."

போய் உட்கார்ந்தேன். ஏறியது.