நிழல் விழாத மாடி

வேம்பின் அடிமரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பூசாரி அவிழ்க்கத் தொடங்கியபோது அது எளிதில் வரவில்லை. ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய துணிகள் அவை. அடியில் இருந்தவை நிறம் போய்ப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருந்தன. ஈரக் கையால் தடவித் தடவி அவர் பிரித்தார். ஆவணி மாதத்தின் முதல் புதன்கிழமை அது. ஆடியில் வேம்பின் மேல் கத்தி படக்கூடாது என்று மாமா அந்த மாதம் முழுவதும் பொறுத்திருந்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து மலைப்பக்கம் பிரியும் ஒரு சந்தில், ஆசிரமத்துக்கு நடந்தே போய்விடும் தொலைவில் அவர்கள் வீடு. வேம்பு அதன் பின்கட்டில் நின்றது. மாடிக்கு மேலும் வளர்ந்து, மதியத்துக்குப் பிறகு மொட்டைமாடி முழுவதற்கும் நிழல் கொடுத்தது. சூரியத் தகடுகள் பொருத்த வந்தவர்கள் அந்த நிழலைத்தான் குற்றம் சொன்னார்கள். ஒரு தகட்டின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதிலும் மின்சாரம் குறைந்துவிடுமாம். மரம் இருந்தால் தகடு வேண்டாம், தகடு வேண்டுமானால் மரம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த மரத்தில் அம்மன் குடியிருக்கிறாள் என்பது சந்தில் எல்லோருடைய நம்பிக்கையும். ஆகவே வெட்டுவதற்கு முன் அவளை எழுந்து வரச் சொல்ல வேண்டும். செம்பில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்து, மரத்துக்கும் செம்புக்கும் இடையே ஒரு மஞ்சள் நூலை ஓடவிட்டுப் பூசாரி வெகுநேரம் முணுமுணுத்தார். பூசணிக்காய் உடைத்தார். பிறகு மாமா அந்தச் செம்பைத் தலையில் சுமந்து வந்து, மாடிப்படியின் கீழ் புதிதாகக் கட்டியிருந்த சின்ன மாடத்தில் இறக்கி வைத்தார். அம்மன் இடம் மாறிவிட்டாள். அக்கா கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மனுக்கு வேற எடம் பாத்துக் குடுத்துட்டீங்க. எனக்கு எந்த எடம்னு பூசாரியக் கேட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார். அக்கா வாயைத் திறந்தால் சிரிப்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தது.

அதில் வேடிக்கை மட்டும் இல்லை என்பது எனக்கும் மாமாவுக்கும் தெரியும். மாடியில் பின்பக்கத்து அறை அக்காவுடையது. அதன் சன்னல் வேம்பின் கிளைகளுக்குள்தான் திறந்தது. சில ஆண்டுகளாக அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. வெயில் ஏறினால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். வெப்பம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அறையில் சித்திரையிலும் மின்விசிறி போதும். மற்ற அறைகளை மாமா வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கார்த்திகையில் வரத் தொடங்கி மாசியில் திரும்பிவிடுகிற கூட்டம் அது. அக்காவுக்கு அவர்களைப் பிடிக்கும். "பேசாம உக்காந்து இருக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறி வராங்க பாருடா. வாய் ஓயாத உங்க மாமாவ அந்த ஊருக்கு அனுப்பினா போதும், அத்தினி பேரும் இங்கயே தங்கிடுவாங்க" என்பாள்.

மாமாவைக் கெட்டவராக எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் உண்மையாகவே நம்பித்தான் செய்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவர்கள் நிலத்தில் டீசல் இயந்திரம் ஓடிய காலத்தில், அதன் புகையைத் தின்று வளர்ந்ததாக அவரே சொல்வார். விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்மணி, உங்கள் வீட்டு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டாராம். நிலக்கரியிலிருந்து என்று சொல்ல மாமாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. விடுதிக்கான மின்கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட ஜாஸ்தி என்பதும் சேர்ந்துகொண்டது. ஐப்பசிக்குள் தகடுகள் ஏறிவிட்டன. வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகையும் வந்தது. நாள், கிழமை பார்த்து ஊர்ச் செய்திகளைக் குறித்து வைப்பது என் வழக்கம். எந்தக் கார்த்திகையில் மழை பெய்தது, கிரிவலப் பாதையில் எந்த மாதம் விளக்கு போட்டார்கள் என்பதெல்லாம் என்னிடம் இருக்கும். இணைப்பு கொடுத்த நாளில், நடுப்பகலில் நம் வீட்டு மின்சாரம் வெளியே கம்பிக்குப் போகிறது என்று மாமா மீட்டரைக் காட்டிய மகிழ்ச்சியையும் குறித்து வைத்திருக்கிறேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவருடைய கல்யாணத்தன்றும் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பின் நடந்தது யாரும் திட்டமிட்டதல்ல. பில் குறைந்தது. பில் குறைந்ததும் ஓர் அறைக்குக் குளிர்சாதனம் வந்தது. நிழல் போன மாடி பங்குனியிலேயே தகிக்க ஆரம்பித்துவிட்டதால் அது தேவையாகவும் இருந்தது. குளிரூட்டிய அறைக்கு வாடகை அதிகம் கிடைத்தது. அந்த வாடகையில் மற்ற அறைகளுக்கும் குளிர்சாதனம் வந்தது. கார்த்திகைக் கூட்டம் போய் ஆண்டு முழுவதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு காரில் வருகிறவர்கள்தான் அதிகம். சுடுநீர்க் கருவிகள், துணி துவைக்கும் இயந்திரம், பெரிய குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மாமாவிடம் ஒரே பதில் இருந்தது. "சூரியன் சும்மாதானே குடுக்குது, மச்சான்." இரவில் சூரியன் இல்லை. அந்த வீட்டின் குளிர்சாதனங்கள் இரவில்தான் ஓடின. இரவில் ஓடியது பழைய மின்சாரம்தான், முன்பைவிட அதிகமாக.

அந்த நாட்களில் நான் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். கரியமிலப் புகையைப் பற்றிய அறிக்கைகள் நூலகத்திலும் கைபேசியிலும் கிடைத்தன. உலகத்தின் கதையும் எங்கள் சந்தின் கதையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிடக் கசப்புதான் அதிகம் வந்தது. காற்றும் சூரியனும் தரும் மின்சாரம் ஆண்டுதோறும் கூடுகிறது. பொருளாதாரம் வளர்வதால் அதைவிட வேகமாகத் தேவை கூடுகிறது. புதியது பழையதன் இடத்துக்கு வருவதற்குப் பதிலாக, பழையதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சில நாடுகளில் வளர்ச்சியும் நின்றுவிடவில்லை, புகையும் குறைந்திருக்கிறது என்றும் படித்தேன். அங்கே புதியதைத் திறந்த கையோடு பழையதை மூடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எதையும் மூடவில்லை, மரத்தைத் தவிர. இதை ஒருமுறை மாமாவிடம் சொன்னேன். வளர்றது தப்பா என்று கேட்டார். தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் பிள்ளையின் படிப்பு அந்த அறைகளின் வாடகையில்தான் நடந்துகொண்டிருந்தது.

அக்கா முதல் கோடையை எப்படியோ கழித்தாள். அடுத்த கோடையில் மாமாவே வற்புறுத்தி அவள் அறைக்கும் குளிர்சாதனம் வைத்தார். அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் இருந்த இளைப்பு திரும்பி வந்தது. அதை நிறுத்தினால் தலை சுற்றியது, ஓடவிட்டால் மூச்சு வாங்கியது. நல்ல குளிர்சாதனத்தோடு ஓர் அறை வீணாகக் கிடக்கிறதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே துணிமணியை எடுத்துக்கொண்டு கீழே சாமான் அறைக்கு வந்துவிட்டாள். மேல்தளத்தின் சூடு அங்கே எட்டாது என்பது உண்மைதான்.

அந்த வைகாசியில் எங்கள் பக்கத்து மின்மாற்றி அடிக்கடி பழுதானது. சந்தில் எல்லா விடுதிகளிலும் குளிர்சாதனங்கள் பெருகியிருந்தன. மின்சாரம் போன ஒரு நடுப்பகலில் நான் அங்கே இருந்தேன். கம்பியில் மின்சாரம் இல்லாதபோது மாடித் தகடுகளும் தாமே நின்றுவிடும் என்பது அதுவரை மாமாவுக்குத் தெரியாது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மேல் மின்சாரம் பாயாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். சேமிக்கும் பேட்டரியோடு வாங்கினால் வேறு ஏற்பாடு உண்டு. விலை பார்த்து மாமா அதை வாங்காமல் விட்டிருந்தார். அக்கா சாமான் அறை வாசலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"மேல வெயிலு பொளக்குது. அத்தினி கண்ணாடியும் மல்லாந்து படுத்துக்கினு இருக்குது. கீழ ஒரு ஃபேன் ஓட மாட்டேங்குது. இன்னாடா படிச்ச நீ, எனக்குக் கொஞ்சம் சொல்லேன்."

நான் படித்ததைச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். "கம்பத்துல ஏறறவன் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

விருந்தினர்கள் புகார் சொன்னதால் அடுத்த வாரமே டீசல் ஜெனரேட்டர் வந்தது. அதை வைக்கச் சந்துப் பக்கம் இடமில்லை. பின்கட்டில் வேம்பு நின்ற இடம்தான் காலியாக இருந்தது. அதன் புகைக்குழாய்க்கு நேர் எதிரே சாமான் அறையின் சன்னல். மின்சாரம் போகும்போதெல்லாம் அக்கா சன்னலைச் சாத்திக்கொள்வாள். சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. ஆனி மாதம் ஒருநாள் மூச்சு முட்டி அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து நேராக வேங்கிக்காலில் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று மாமாவும் சொன்னார்.

என் வீடு புதுக் குடியிருப்பில் இருக்கிறது. சுற்றிலும் மரம் பெரிதாக இல்லை. ஆனாலும் அவள் இளைப்பு குறைந்தது. தினமும் தன் வீட்டைப் பற்றித்தான் பேசினாள். தண்ணீர்த் தொட்டி கழுவினார்களா, வாசல் தெளிக்கிறார்களா, மாடத்தில் அம்மனுக்கு விளக்கு ஏற்றுகிறார்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பாள். கார்த்திகை நெருங்கியது. கல்யாணமாகி வந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு தீபத்தையும் அவள் தன் வீட்டு மாடியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். மலை அங்கே தலைக்கு மேலேயே நிற்கும். மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், அவளை அழைத்துப்போகும் பேச்சு வந்தது. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த ரூம்ல?"

தீபத்துக்கு எல்லா அறைகளும் முன்பே பதிவாகிவிட்டன, அவள் பழைய அறையும் உட்பட. சாமான் அறையில் ஜெனரேட்டருக்கான டீசல் கேன்கள் இருந்தன. "தீபம் முடியட்டும்மே. கூட்டம் போயிடட்டும். தை பொறந்தா மாடில உனக்குன்னு புதுசா ஒரு ரூம் போடறேன்" என்றார் மாமா. அக்கா தலையசைத்தாள். கிண்டலாக ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் எழுந்து போய் அவர் கொண்டுவந்த இனிப்புக்குப் பாத்திரம் எடுத்து வந்தாள். தீபத்தன்று என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தோம். அங்கிருந்து அது மலையுச்சியில் ஒரு பொட்டு. "இம்மாந்தூரத்துல இருந்து பாத்தா நம்ம மலையே யாரோ வேத்தாளு மாதிரி இருக்குது" என்றாள்.

தையில் மாடியில் கட்டுமானம் தொடங்கியது. ஓர் அறைக்குப் பதிலாக ஒரு தளமே எழுப்பித் தகடுகளை அதன் மேல் மாற்றினார்கள். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் விடியற்காலையில் அக்கா என் வீட்டில் இறந்துபோனாள். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். புகைமீதோ வெயில்மீதோ நான் பழி போடமாட்டேன். அதை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. எழுத முடிந்தது இவ்வளவுதான்: அவள் தன் வீட்டுக்குப் போக விரும்பினாள், அங்கே அவளுக்கு இடம் இல்லாமல் இருந்தது, செத்தபின் கொண்டுபோனோம்.

கூடத்தில் ஐஸ் பெட்டியில் கிடத்தினோம். வெளியூரில் படிக்கும் மகன் வந்து சேர மாலையாகும் என்றார்கள். நடுப்பகலில் மின்சாரம் போனது. பெட்டியின் இரைச்சல் நின்றது. வெயிலில் கண் கூசியது. மாடியில் தகடுகள் பளபளத்துக்கொண்டு கிடந்தன. மாமா அழுத கண்களோடு எழுந்து பின்கட்டுக்கு ஓடினார். ஜெனரேட்டர் உறுமியது, பெட்டி மறுபடி குளிரத் தொடங்கியது, புகை சாமான் அறைச் சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருமினார்கள்.

இப்போது புதுத் தளத்தின் மேல் இன்னும் தகடுகள் ஏறியிருக்கின்றன. மாமா உடல் தளர்ந்துவிட்டார். அக்காவைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவருக்குக் குரல் உடைகிறது. போன பௌர்ணமிக்கு நான் போயிருந்தபோது, பேச வேறொன்றும் இல்லாமல் கைபேசியை எடுத்து ஒரு செயலியைக் காட்டினார். தகடுகள் இதுவரை உற்பத்தி செய்த மின்சாரம், அதனால் காற்றில் கலக்காமல் போன புகை எல்லாம் அதில் தெரிந்தன. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன மரப் படம், பக்கத்தில் ஓர் எண்.

"நாம இத்தினி மரம் நட்டதுக்குச் சமம்னு போட்டிருக்கான், பாரு."

"அதுல நம்ம வேம்பக் கழிச்சிருக்காங்களா, மாமா?"

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையை விரலால் மேலும் கீழும் தள்ளி, மெய்யாகவே தேடிப் பார்த்தார்.

"அதெல்லாம் இதுல வராது, மச்சான்" என்றார்.