மௌன ஜெபத்தில் ஒரு தறிச் சத்தம்

அயர்லாந்தில் நான் குடியிருக்கும் சிறிய ஊரில், புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஆலயத்தின் பக்க அறையில் வட்டமாக உட்காருகிறார்கள். ஓர் அம்மா சின்ன வெண்கல மணியை ஒரு தடவை அடிப்பார். அதன் பிறகு இருபத்தைந்து நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. மறுபடி மணி அடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதையும் ஜெபக்கூட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

பம்பு கம்பெனி வேலைக்காக இங்கே வந்த புதிதில், முதல் புதன்கிழமையே ஒரு காரியம் செய்தேன். நம் கொங்கு நாட்டில் ஜெபக்கூட்டம் எப்படித் தொடங்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். "நீங்க ஆரம்பிங்க." "அட, நீங்க இருக்கறப்ப நானுங்களா? நீங்களே ஆரம்பிங்க." மரியாதையிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். கடைசியில் பசி தாங்காத யாராவது ஆரம்பித்து எல்லோரையும் காப்பாற்றுவார். இந்த வெள்ளைக்காரர்களும் நம்மைப் போலவே ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்துத் தவிக்கிறார்கள், பாவம் என்று நினைத்தேன். நாலு நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்று, உரத்த குரலில், தமிழில் ஜெபித்தேன். நோயாளிகளுக்காக, விதவைகளுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக. பழக்கதோஷத்தில் கடைசியாக மழைக்காகவும் கேட்டேன். வெளியே மூன்று வாரமாக மழை விட்டபாடில்லை.

யாரும் தடுக்கவில்லை. மணி அடிக்கும் மொரீன் தபால் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் துக்க வீட்டுக்குக் கொண்டுபோவது மாதிரி ஒரு ஆப்பிள் கேக்கைச் சுட்டு எடுத்து வந்தார். வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது? அந்த மௌனமேதான் இவர்களுக்கு ஜெபம் என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் போவதை விடவில்லை. போகப் போக அந்த மௌனம் எனக்குப் பிடித்துவிட்டது.

என் சத்தம் அப்பாவிடமிருந்து வந்தது. சூலூர்ப் பக்கத்தில் அடுத்தவர் ஷெட்டில் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர் அவர். எட்டுத் தறி ஓடும் இடத்தில் பேசிப் பழகியவருக்குச் சபையில் மைக் தேவைப்படாது. அவருடைய அப்பா பண்ணைக் காட்டில் கூலி வேலைக்குப் போனவர். பண்ணைக்காரர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நின்றவர். அந்த வீட்டில் பிறந்த அப்பா, நாலு பேர் கேட்க வாய்விட்டுப் பேசிய முதல் இடம் எங்கள் ஓட்டுக்கூரைச் சபை. அவர் என்ன கேட்டு ஜெபித்தார் என்பதைவிட, ஜெபிக்கும்போது எப்படி நிமிர்ந்து நின்றார் என்பதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது. வாயிலிருந்து கரகரவென்று ஒரு "ஆ" மட்டும் வருகிறது. சபையும் இப்போது பழைய சபை இல்லை. ஏசி, டிரம்ஸ், பாட்டு வரி ஓடும் பெரிய திரை, யூடியூபில் நேரலை. நான் குறை சொல்லவில்லை, அந்த டிரம்ஸுக்காகத்தான் என் தங்கை பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு போதகர் அப்பாவை மேடைக்கு அழைத்தார். தலையில் கை வைத்து ஜெபித்து, மைக்கை வாயருகே நீட்டினார். "அல்லேலூயா சொல்லுங்கண்ணா, சொல்லுங்க!" அன்பாகத்தான் செய்தார். அந்த "ஆ" எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது. அப்பாவின் கோணிய வாய் திரை முழுக்கத் தெரிந்தது. இங்கே நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் சபைக்குப் போகவே இல்லை.

"சோத்துக்கு முன்னாலகூடக் கண்ண மூட மாட்டேங்கறாரு கண்ணு," என்றாள் அம்மா போனில். "ஆண்டவரோட கோவிச்சுக்கிட்டாராட்ட இருக்குது."

கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற நினைப்பிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். லீவு போட்டு ஊருக்குப் போனேன். புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். "சத்தமே வேண்டாமுங்கப்பா. சும்மா உக்காந்திருந்தாப் போதுமுங்க. அங்கெல்லாம் அப்படித்தானுங்க." அப்பா காலண்டர் தாளைக் கிழித்தார். இடது கையால், வெகுநேரம் எடுத்து எழுதினார். 'வாயப் பொத்தி நின்னது போதும்.'

மொரீனுக்கு மௌனம் ஓய்வு. என் தாத்தாவுக்கு அது கட்டளை. இதை யோசிக்காமல் அப்பாவுக்குப் பாடம் நடத்தப் போனேனே என்று என் மேலேயே கோபமாக வந்தது. கிளம்பும்போது இவ்வளவுதான் சொன்னேன்: "புதன்கெழமை உங்களுக்குப் பன்னண்டரை மணி ஆகறப்ப நான் அங்க உக்காந்திருப்பனுங்க. உங்களையத்தான் நெனச்சுட்டிருப்பேன்."

நாலு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது புதன், முதல் மணி அடித்துச் சற்று நேரத்தில் என் போன் அதிர்ந்தது. அம்மா, வீடியோவில். என்னவோ ஏதோ என்று எடுத்தேன். "சர்ச்சுக்குப் போற சட்டைய எடுன்னு கையக் காட்டுனாரு கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனை எதிரே நிறுத்தி வைத்துவிட்டு அம்மா நகர்ந்துகொண்டாள். வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, நாற்காலியில் அப்பா. அவர் வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டின் தறிச் சத்தம் ஆலய அறை முழுக்க அடித்தது. பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தப் பார்த்தேன். மொரீன் வேண்டாம் என்று தலையசைத்து, வட்டத்தின் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். போனை அதன் மேல் வைத்தேன்.

வெகுநேரம் தறி மட்டும் ஓடியது. பிறகு அப்பா கண்களை மூடினார். "ஆ." கொஞ்சம் நிறுத்தி, "ஆ… ஆ." சபையில் அவர் ஜெபிக்கும்போது ஏறி இறங்கும் அந்த ராகம் எனக்குத் தெரியும். நோயாளிகள், விதவைகள், நாட்டை ஆளுகிறவர்கள், கடைசியில் மழை. ஒன்றும் விட்டுப்போகவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் முடிந்தும் அப்பா நிறுத்தவில்லை. ஒரு நிமிடம்கூடப் பிந்தாத மொரீன், மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா ஓய்ந்ததும் நான் "ஆமென்" என்றேன். அழுதுவிட்டேன். அறையில் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். அதன் பிறகுதான் மணி அடித்தது.

"பின்னால் கேட்டது ரயிலா?" என்று வாசலில் கேட்டார் மொரீன். "தறி" என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினார். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அப்பா இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை, அதனால் நானும் போனை அணைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு காரை ஓட்டினேன். அவருக்குப் பின்னால் ஜன்னலில் சூலூர் வெயில் பளீரென்று அடித்தது. அவர் கேட்ட மழை இங்கே என் கார்க் கண்ணாடியில் பெய்துகொண்டிருந்தது.