சுவரில் மாட்டிய கடவுச்சொல்

கணினிப் பாதுகாப்பைப் பற்றி மாணவர்களுக்கு எழுத நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். எழுதச் சொன்ன மகளிடம் நானும் அதைத்தான் கேட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசன அட்டை எடுப்போம். அந்த வருடம் முழுவதும் அதுதான் எங்களுக்கு ஆண்டவர் சொன்ன சொல். முன்னறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைப்போம். கடவுச்சொல்லை வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தோம். வசனம் மாறும்போது அதையும் மாற்றிவிடுவது வசதியாக இருந்தது. பைபிளில் வசனம் உள்ள ஆகமத்தின் பெயர், அதிகாரம், நடுவில் ஒரு முக்காற்புள்ளி, வசன எண். கணினி கேட்கிற எல்லாமே அதில் இருக்கும். 'வலுவானது' என்று பச்சையில் காட்டும். சபையில் அநேகர் அப்படித்தான் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அதனால் எந்த விண்ணப்பத்திலும் கைப்பேசி எண் என்ற இடத்தில் என் அண்ணனின் எண்ணைக் கொடுப்போம். அண்ணன் ஓய்வுபெற்ற ஆசிரியர். அடுத்த தெருவில் இருக்கிறார். ஆண் துணை இல்லாத வீடு என்று வெளியே தெரியக் கூடாது என்று அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

மகள் பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிந்திருந்தாள். கோயம்புத்தூரில் கணினிப் பாதுகாப்புப் படிப்புதான் முதலில். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. அன்று மதியம் திறந்து பார்த்தாள். முதலிடத்தில் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்று இருந்தது. படிப்பு, கட்டடப் பொறியியல்.

கடவுச்சொல் அந்த இணையதளத்துக்கே தெரியாது என்றாள் மகள். கொடுத்தவுடன் அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்ளுமாம். அடுத்த தடவை கொடுத்தால் அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்குமாம். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. திருடன் உள்ளே புகுந்தாலும் மாவுதான் கிடைக்கும். அந்த ஏற்பாடு ஒழுங்காகவே வேலை செய்திருந்தது. இணையதளத்துக்குத் தெரியாத கடவுச்சொல், எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முந்தின நாள் வந்து, அட்டைக்கு நேர் எதிரே உட்கார்ந்து காபி குடித்தவர் அண்ணன். மகள் அவருக்குப் போன் செய்தாள்.

"மாமா, என் லிஸ்ட்ட நீங்களா மாத்துனீங்க?"

"ஆமா. பொம்பளப் பிள்ள எதுக்கு அவ்வளவு தூரம் போவணும்? தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளந்த உடம்பு."

"அங்கன சிறுவாணித் தண்ணி இருக்கு மாமா."

"சரி, சோறு?"

மகள் போனை வைத்துவிட்டு வரிசையைத் திருத்தினாள். இதுதான் முடிவான வரிசை என்று பூட்டாமல் விட்டால் அவர் மறுபடி மாற்றிவிடுவார். பூட்டுவதற்கு ஓடிபி வேண்டும். அது அண்ணன் போனுக்குப் போயிற்று. மறுபடி கூப்பிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே. நான் வாத்தியாரா இருந்தவன். போட்டிருக்கபடிதான் நடப்பேன்."

அவர் சொன்னது சரி. மாணவர்களும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

மனதில் தெரிந்த ஒன்று, கையில் இருக்கிற ஒன்று, இரண்டும் இருந்தால்தான் ஆள் இன்னார் என்று கணினி நம்பும். எங்களுக்குத் தெரிந்தது அண்ணனுக்கும் தெரியும். கையில் இருக்க வேண்டியது அவர் கையில் இருந்தது. கணினியைப் பொறுத்தவரை அண்ணன்தான் என் மகள்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டு நானும் வீட்டிலேயே இருந்திருப்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"என்னட்டி, இந்த வெயில்ல?" என்றார் அண்ணன்.

"அந்த நம்பர் வேணும்ண்ணே."

"அதான் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"அது அவ நம்பர். உங்க போனுக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்."

"நான் என்ன கெடுதலா செஞ்சேன்? அவ நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குத்தான். எனக்குப் பிடிக்கல. அவ போவட்டும்."

அண்ணனிடம் பிடிக்கவில்லை என்று அதுவரை நான் சொன்னதில்லை. அவரும் என்னிடமிருந்து கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சொல்லத்தான் கூடாது," என்றார். போனை மேசைமேல் திறந்துவைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

பழைய எண் காலாவதியாகியிருந்தது. மகளைக் கூப்பிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன். வந்ததை அவளுக்குப் படித்துச் சொன்னேன். பூட்டியதும் கடவுச்சொல்லை மாற்றினாள். அதற்கும் ஓர் எண் வந்தது, அதையும் படித்தேன். இரண்டுமே விதிமீறல்தான். புதிய கடவுச்சொல் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அண்ணன் நிறைய நேரம் தண்ணீர் குடித்தார்.

"பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சு."

"இரு, காபி போடச் சொல்லுதேன்."

குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒதுக்கீட்டுத் தகவல் அண்ணன் போனுக்குத்தான் வந்தது. அவரே கூப்பிட்டுச் சொன்னார். மகள் முதலில் வைத்த கல்லூரி கிடைக்கவில்லை. இரண்டாவது கிடைத்தது. அதுவும் கோயம்புத்தூர்.