ஓரத்தில் நின்ற கடிகாரக்காரர்

லிப்ட் மெக்கானிக்குக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு நாற்காலியில் முழுசாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் மேஜை ஆடும். மேஜை ஆடினால் மனைவி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார். உடனே எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்துவிட்டு வருவார். இப்பேர்ப்பட்ட மனுஷனை இந்த வருஷம் ஒரு டிஸ்க் பெட்டி என்ன பாடு படுத்தியது என்பதைச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

‘சாம்பல் பருந்து’ என்று ஒரு சூப்பர் ஹீரோ. இரும்புச் சிறகு, சாம்பல் நிறக் கவசம், வானத்திலிருந்து தொப்பென்று குதிப்பது, எல்லாம் உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவரை வைத்து மூன்று படம் வந்து, ஓடி, ஓய்ந்துபோயின. அந்த மூன்றையும் தூசி தட்டி, சுத்தம் செய்து, பெட்டியில் போட்டு மறுபடி டிஸ்க்காக விடப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்ததுமே ரசிகர்களுக்குக் கை கால் ஓடவில்லை. போனில் அவர்களுக்கு ஒரு குழு இருந்தது. பெயர் ‘பருந்துக் கூடு’. முந்நூற்றுச் சொச்சம் பேர். பெட்டியின் அட்டையில் சிறகின் நிறம் தப்பு என்று நாலு நாள் சண்டை போட்டார்கள். சமாதானமாகிக் குட் மார்னிங் சொல்லிவிட்டு, பின்னணி இசையின் சத்தத்தைக் கூட்டுவார்களா குறைப்பார்களா என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ‘லிப்ட்’ என்ற பெயரில், ஒரு வார்த்தை பேசாமல், நம் மெக்கானிக்கும் இருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பருந்தும் ஒன்றுதான், காக்காயும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது இரண்டாவது படத்தில் ஒரு நாலு விநாடி. அந்த நாலு விநாடியில் அவர் இருக்கிறார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்தின் ஒரு பெரிய காட்சியை இந்த ஊர்ப் பாலத்தில்தான் எடுத்தார்கள். பருந்து கோபுரத்தில் மோதுகிறது, கோபுரம் சரிகிறது, கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்து அலறுகிறார்கள். அலறுவதற்கு ஆள் பிடித்தபோது இவரும் பெயர் கொடுத்தார். அன்று விடியற்காலையில் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, “இன்னும் நேரம் இருக்கு, நீ போயிட்டு மதியம் வா” என்றார். போனார். பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பாலத்துக்கே ஓடி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு என்று கத்திவிட்டுப் போனார். இரண்டு இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. முகமெல்லாம் சினிமாச் சாம்பல். மனைவி இவரை ஏற இறங்கப் பார்த்து, “யாருங்க நீங்க?” என்றார்.

“கேட்டைப் பூட்டிட்டாங்கம்மா” என்றார் இவர். “உள்ளயே வச்சுட்டாங்க. நாள் பூரா வாட்சையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தியமா.”

கேட்டைப் பூட்டியதை மனைவி நம்பினார். வாட்சைப் பார்த்ததைத்தான் நம்பவில்லை. அந்த மனக்குறை இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி கூடவே குடியிருந்தது. மனைவிக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்துவதே தெரியாது என்று பேர் வாங்கியவர். வீட்டில் குத்தினால் மட்டும் நன்றாகத் தெரியும். “ஊர்ல இருக்கற கதவையெல்லாம் திறக்கறவருக்கு அன்னிக்கு ஒரு கதவு திறக்கல. திறந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். பருந்தை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னிருப்பார்.” மகள் வளர்ந்த பிறகு அவள் பங்குக்கு, “அப்பாவும் நானும் ஒரே நாள்ல ரிலீஸ்” என்பாள். மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் அதே கதையை எடுப்பார். வருஷம் ஆக ஆக அதற்குக் கை, கால், மூக்கு எல்லாம் முளைத்தது. முதலில் வெறும் கேட். பிறகு அது பச்சை பெயின்ட் அடித்த இரும்பு கேட். பிறகு ஒரு பூட்டு. கடைசியில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு காவல்காரன். மனைவி அந்த மீசைக்காரனை விதவிதமாகத் திட்டியிருக்கிறார்.

படம் தியேட்டருக்கு வந்தபோது அதன் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. இவர் தனியாகப் போய்ப் பார்த்தார். திரையின் இடது ஓரத்தில் அவரேதான்! ஊரே அண்ணாந்து பார்க்க, அவர் மட்டும் குனிந்து மணி பார்க்கிறார். கோபுரம் ஒரு தடவைதான் சரியும், திரும்ப எடுக்க முடியாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இது போதுமே சாட்சிக்கு என்று, கேசட் வந்த அன்றே வாங்கி வந்து போட்டார். ஆளைக் காணோம். அந்தக் காலத்து டிவி சதுரம். அதற்குள் அடங்குவதற்காகப் படத்தின் இரண்டு பக்கத்தையும் சீவிவிட்டிருந்தார்கள். பின்னால் வந்த டிஸ்க்கிலும் அதே கதை. சீவியதோடு அவர் மானமும் போயிற்று.

இப்போது வரப்போகும் பெட்டியில்தான் இரண்டு ஓரமும் முழுசாக, தியேட்டரில் பார்த்தபடியே இருக்கும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கயிற்றுக்கு எண்ணெய் விடும்போது சட்டைப் பையில் போன் உறுமினால், நிறுத்தும் ஸ்விட்சைத் தட்டிவிட்டு அங்கேயே படிப்பார். மூன்றாம் மாடியில் ஒரு வக்கீல் கைப்பெட்டியோடு நின்று கதவைத் தட்டுவார். “அஞ்சு நிமிஷம் சார், பயப்படாதீங்க” என்று மேலிருந்து குரல் வரும். பயம் யாருக்கு, எதற்கு என்று வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

வெளியீட்டை ஒரு மாதம் தள்ளினார்கள். பிறகு இன்னும் இரண்டு வாரம். இதற்கு நடுவே குழுவில் ஒருத்தர் கேட்டார்: “ரெண்டாவது படத்துல ஒரு ஆள் வாட்ச் பாப்பாரே, தியேட்டர்ல பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?” பாதிப் பேர் உண்டு என்றார்கள். பாதிப் பேர் கட்டுக்கதை என்றார்கள். அவருக்குக் ‘கடிகாரக்காரர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மெக்கானிக் அதைப் படித்துவிட்டு, குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

“என்ன, லிப்ட்டு நின்னுபோச்சா?” என்றார் மனைவி.

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் குழுவின் தலைவர், எல்லோரும் ‘பெருசு’ என்று கூப்பிடுகிற மருந்துக் கடைக்காரர், ஒரு செய்தி போட்டார். பழைய படத்தில் தெரியும் கம்பி, மைக் நிழல், தப்பு செய்த துணை நடிகர்கள் எல்லாவற்றையும் கம்பெனி கம்ப்யூட்டரில் அழித்துவிடப் போகிறதாம். மெக்கானிக் அதை நாலு தடவை படித்தார். இவ்வளவு நாள் காத்துக் கிடந்தது அழிபடுவதற்கா? அதுவரைக்கும் வாயே திறக்காதவர் அன்று குழுவில் எழுதினார்: “தயவுசெய்து கடிகாரக்காரரை அழிக்க வேண்டாம் என்று எல்லாரும் கம்பெனிக்கு எழுதுங்கள்.”

“லிப்ட் சார், உங்களுக்கு என்ன அவர் மேல அவ்வளவு பாசம்?” என்றார் பெருசு.

“தூரத்துச் சொந்தம்” என்று போட்டார் இவர்.

பெருசு உண்மையிலேயே எழுதினார். நூறு பேர் எழுதினார்கள். கம்பெனி பதில் போடவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு டிஸ்க் பிளேயர் வாங்கி வந்து, பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டி வைத்துக்கொண்டார் மெக்கானிக். பெட்டி ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வந்தது. மகளும் வீட்டில் இருந்தாள்.

“ஒரே ஒரு இடம். நாலு விநாடி. பாத்துட்டு நீ என்ன வேணா சொல்லு” என்று மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தார். மகள் ரிமோட்டை வாங்கி நேராகப் பாலத்துக்கு ஓட்டினாள். வானத்தில் பருந்து சுழன்றது. கோபுரம் விரிசல் விட்டது. ஜனங்கள் அலறினார்கள்.

“நிறுத்து, நிறுத்து!”

படம் நின்றது. இடது ஓரத்தில் ஒல்லியாக, தலை நிறைய முடியோடு, முகத்தில் சாம்பலோடு ஒரு இருபத்தாறு வயதுக்காரன். நூறு மோவாய்கள் மேலே பார்க்க, ஒரு தலை மட்டும் மணிக்கட்டைப் பார்த்துக் குனிந்திருந்தது. அழிக்கவில்லை!

“அய்யோ அப்பா, நெஜமாவே நீங்க!” என்று மகள் துள்ளினாள்.

மெக்கானிக் டிவியைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார். மனைவி எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போனார்.

“இது எங்கப்பா உங்களுக்குப் போட்ட வாட்ச்.”

“ஆமா.”

“அப்ப மணி என்ன?”

“ரெண்டே கால்” என்றார் யோசிக்காமல். மகள் பிறப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்.

மனைவியின் முகம் இளகியது. “பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கீங்க” என்றார் மெதுவாக. இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை! “சொன்னேன்ல? அன்னிக்கே சொன்னேன்ல?” என்று மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்தார்.

மனைவி இன்னும் திரையை விட்டு நகரவில்லை. அவர் விரல் அந்த இளைஞனைத் தாண்டி இன்னும் இடப்பக்கம், படத்தின் கோடிக்குப் போயிற்று. “இது என்ன?”

ஒரு மஞ்சள் கயிறு. இடுப்பு உயரத்தில், தொய்ந்துபோய்த் தொங்கியது. இளைஞன் கையை நீட்டினால் எட்டும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாதாரணமான தெரு. யாரோ ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

“கேட் எங்க?” என்றார் மனைவி.

தியேட்டரில் அவ்வளவு பெரிய திரையில் தன்னையே பார்த்தபோது, பக்கத்தில் கயிறு இருக்கிறதா என்று எவன் பார்த்தான்? சொல்லிச் சொல்லி அவர் கண்ணிலும் இத்தனை நாள் பச்சை இரும்புக் கதவுதான் நின்றிருந்தது. மகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருக்கலாம். கேட் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கால் ஆடவில்லை. அதை முதலில் கவனித்தவர் மனைவிதான்.

“கேட் இல்ல” என்றார் மெக்கானிக்.

“மீசைக்காரன்?”

“அவனும் இல்ல.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்குப் பயமா இருந்துச்சு. காலைல நீ கத்தினது காதுலயே இருந்துச்சு. ரத்தம், ஆஸ்பத்திரி, உனக்கு ஏதாவது ஆயிட்டா... ரெண்டு தடவை கயித்துகிட்ட வந்தேன். கால் எழல. சரி, சாயங்காலம் வரைக்கும் இங்கயே நின்னுட்டா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். வாட்ச் பாத்தது அதுக்குத்தான்.”

விரலில் சின்னக் கீறல் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிற மனுஷன். கட்டுப் போட்டுப் போட்டு அது மனைவிக்குத் தெரியாததா? ஆனாலும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

“பாவம், இல்லாத ஒருத்தனை இருபத்திரண்டு வருஷமா திட்ட வச்சுட்டீங்க.”

“தப்புதான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? முகத்துல சாம்பலோட வந்து நின்னீங்களே, அப்பவே?” மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நானும்தான் பயந்தேன். செத்துருவேன்னு நெனச்சேன். நீங்க பயப்படலைன்னு நெனச்சு, நான் அதை யார்கிட்டயும் சொல்லவே இல்ல.”

மேஜை மேல் போன் உறுமிக்கொண்டே இருந்தது. கடிகாரக்காரர் இருக்கார், கடிகாரக்காரர் இருக்கார் என்று பருந்துக் கூட்டில் முந்நூறு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் அதை எடுக்கவில்லை. மனைவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மொதல்ல இருந்து போடு” என்றார் மகளிடம். “அந்தப் பருந்து யாருன்னு நானும் பாக்கறேன்.”