ஓசூர்ச் சுவரில் பின்சீட்டுப் பெண்ணுக்கு ஏன் முகம் இல்லை

இந்தப் பயணத்துக்குக் காரணம் டெக்சாஸில் இருக்கும் ஒரு சுவர். போன வருடம் தங்கையைப் பார்க்க அங்கே போயிருந்தேன். அவள் வீட்டுக்குப் பக்கத்தில், மெக்ஸிகோ வழிவந்த குடும்பங்கள் வாழும் தெருவில், பழைய சலவைத் தொழிற்சாலை ஒன்றின் சுவர் முழுக்க இரண்டு பெண்களை வரைந்திருந்தார்கள். ஒருவர் அந்தத் தொழிற்சாலைப் பெண்களைத் திரட்டிக் கூலிக்காகப் போராடியவர். இன்னொருவர் அவருடைய வாழ்க்கைத் துணை. கைகோத்து நின்றார்கள். இருவரின் பெயரும் உறவும் கீழே ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதியிருந்தது.

அதைப் பற்றி இந்த வலைப்பதிவில் எழுதியபோது வாசகி ஒருவர், "ஓசூரிலும் இப்படி ஒரு சுவர் இருக்கிறது, பாருங்கள்" என்று பின்னூட்டம் போட்டு, தெருவின் பெயரையும் அனுப்பினார். நான் இருப்பது சேலத்தில். டெக்சாஸ் வரை போனவள் நூற்றறுபது கிலோமீட்டர் போகாமல் இருப்பதா? பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை காலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். எட்டே முக்காலுக்கு ஓசூர். குளிர் இருந்தது, ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து சிப்காட் பக்கம் போக ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். டிரைவர் போனில் கன்னடம் பேசினார், வழியில் பார்த்த நண்பரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். சுவர் ஓவியம் என்றதும் தெரியும் என்றார். "தண்ணி சேமிப்பு விளம்பரம்ங்க மேடம். கவர்மெண்ட்ல வரைஞ்சது." எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தவறான இடத்துக்குப் போகிறோமோ?

இடம் சரிதான். லைன் வீடுகள் நெருங்கிய தெருவின் கடைசியில் தண்ணீர் மோட்டார் அறை. அதன் பக்கச் சுவரில் நீல மொபெட்டில் இரண்டு பெண்கள். ஓட்டுபவர் சுடிதாருக்கு மேல் கம்பெனிக் கோட்டு போட்டு, பல் தெரியச் சிரிக்கிறார். பின்னால் இருப்பவர் மடியில் பிளாஸ்டிக் குடம். டிரைவர் சொன்ன விளம்பரம் இந்தக் குடத்தால் வந்ததுதான். கீழே "எங்கள் தேவகி அக்கா" என்று ஒரே ஒரு பெயர். பின்னால் இருப்பவருக்கு முகம் இல்லை. தோல் நிறம் பூசியிருக்கிறது. கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை.

யாரோ பிடிக்காதவர்கள் அழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபத்தோடு கிட்டே போய்ப் பார்த்தால் சுரண்டிய தடமே இல்லை. மேலே வேறு பெயிண்ட் அடித்த மாதிரியும் இல்லை. ஆரம்பத்திலேயே வரையவில்லை. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்தான் பேச்சுக் கொடுத்தார். செல்வி என்று வைத்துக்கொள்வோம் (இந்தப் பதிவில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்). விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊர், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை, அன்று வார விடுமுறை. தேவகியைப் பற்றி அவர் சொன்னதன் சுருக்கம் இது. இரண்டாம் ஷிப்ட் முடித்த பெண்கள் அந்தக் காலத்தில் சர்வீஸ் ரோட்டில் இருட்டுக்குள் நடந்துதான் வரவேண்டும். கம்பெனி பஸ் தெருமுனை வரை வரவேண்டும் என்று தேவகி தெருப் பெண்கள் எல்லாரையும் கூட்டிப்போய்க் கம்பெனி கேட்டில் உட்கார்ந்தார். பஸ் வந்தது. தேவகிக்கு வேலை போனது. அதற்குப் பிறகு வீட்டிலேயே தையல். கல்யாணத்துக்குப் பயந்து ஓடிவந்த பெண்கள், சேர்ந்து வாழ வந்த இரண்டு பெண்கள், யாரும் வாடகைக்கு வீடு தராத திருநங்கை ஒருவர் என்று பலரும் அவர் வீட்டில் தங்கித்தான் பிழைத்தார்கள். கொரோனா சமயத்தில் இறந்துபோனார். அப்படித் தங்கிய பெண்கள்தான் ஓவியம் படிக்கும் பெங்களூர்ப் பிள்ளைகளைப் பிடித்து இதை வரைய வைத்திருக்கிறார்கள்.

பின்னால் இருப்பது யார் என்றேன். "மழை வந்துருச்சுக்கா. வரைய வந்த பிள்ளைக பாதியில போயிட்டாக" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. மறுபடி கேட்டேன். "கூட இருந்தவுக" என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டார். போனிலிருந்த டெக்சாஸ் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். புண்படுத்திவிட்டேனோ என்று நான் திரும்பப் போகும்போது தன் போனோடு வெளியே வந்தார். "அவுகள்ட்ட பேசிட்டேன். உங்கள வரச் சொல்றாக."

பஸ் நம்பர் வரை எழுதுவது என் வழக்கம். இந்த இடத்தில் மட்டும் எழுத மாட்டேன். கிருஷ்ணகிரி தாண்டி, தென்பெண்ணைக் கரையில் ஓர் ஊர் என்பதோடு விட்டுவிடுங்கள். மதியம் போய்ச் சேர்ந்தேன். மொபெட்டில் பின்னால் இருப்பவர் இப்போது தன் தம்பி வீட்டில் இருக்கிறார். வாசல் அறையில் தையல் மிஷின். ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். அவரைக் கௌரி என்று எழுதுகிறேன்.

தம்பி மனைவி காபி கொடுத்தார். ஏன் முகம் வரையவில்லை என்று கேட்டபோது கௌரி சிரித்தார். "உசுரோட இருக்கறவளுக்குச் சுவத்துல படம் எதுக்கு? மாலை போட்டுருவாங்க." தம்பி மனைவியும் சிரித்தார். அதுதான் காரணம் என்று நம்பியே நானும் கிளம்பினேன்.

பஸ் நிறுத்தம் காட்ட வந்தவர் என்னோடு பஸ்ஸிலும் ஏறிவிட்டார். வீட்டில் லைனிங் துணி வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கிருஷ்ணகிரியில் மாறி ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார். தம்பி வீட்டைப் பொறுத்தவரை அவர் தேவகியோடு ஒரே ஹாஸ்டலில் இருந்தவர், அவ்வளவுதான். "அங்க எனக்கு ஒரு ரூம், ஒரு மிஷின். சுவத்துல என் மூஞ்சியப் பாத்து நாலு பேரு பேசினா அதுவும் போயிடும்." முகம் வேண்டாம் என்று வரைந்தவர்களிடம் போனில் கெஞ்சியது அவரேதான். ஓவியத்தை இதுவரை பார்த்ததில்லை. படம் என் போனிலேயே இருக்கிறது என்றேன். நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலரைக்குச் சுவர் முன்னால் இருந்தோம். "பல்லு சரியா வந்திருக்கு," என்றார் கௌரி. "வண்டிதான் நீலமில்ல, செவப்பு." செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

செல்வி போனில் சொல்லியிருந்த டெக்சாஸ் படத்தைக் காட்டச் சொன்னார் கௌரி. இந்த இரண்டு பேரும் இருக்கிறார்களா என்றார். இல்லை, இருவரும் போன பிறகுதான் வரைந்தது என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு செல்வியிடம் திரும்பினார்.

"எனக்கப்புறம் வரைஞ்சிடு. பேரும் போடு."

"சரிக்கா" என்றார் செல்வி.

நான் எதை எழுதலாம் என்று கௌரியிடம் கேட்டேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீடு கேக்கப் போறப்ப எல்லாம் அக்கா தங்கச்சின்னுதான் சொல்லுவோம். எல்லா ஓனருகிட்டயும் அதான். அந்தப் பொய்யச் சொல்லிக்கினே அவ செத்துட்டா. நீ அப்படி எழுதிடாத."

கடைத்தெருவில் லைனிங் துணி வாங்கினோம். சொன்ன காரணம் பொய்யாகக் கூடாதாம். ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இதை எழுதும்போதும் எனக்குத் தெளிவில்லை. செத்த பிறகுதான் ஒருவருக்கு முகம் கிடைக்கும் என்பது வெற்றியா, தோல்வியா? டெக்சாஸிலும் அந்த இரண்டாவது பெண் இப்படித்தான் காத்திருந்தாரா? அங்கே யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து பஸ்ஸுக்கு ஒரு பக்கம் நூற்று நாற்பது ரூபாய் ஆனது. ஞாயிறு காலை போனால் தெருவில் ஆட்கள் இருப்பார்கள். வேலைநாளில் பகலில் போகாதீர்கள், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்குவார்கள். சுவரைப் படம் எடுக்கலாம், வீடுகளை வேண்டாம். பின்னால் இருப்பவர் யார் என்று யாரையும் கேட்காதீர்கள். தெருவில் யாராவது அக்கா தங்கச்சி என்று சொன்னால், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.