தேயிலைச் சரிவில் ஒரு கையெழுத்து

என் தம்பி மகள் ஆயிஷா ஜெர்மனிக்குப் போய் ஆறு மாதம் படிக்கும் வாய்ப்பைக் கெடுத்தவன் நான்தான். "அங்கே போனால் தொழுகையை விட்டுவிடுவாள்" என்று போன வருடம் சொன்னேன். படித்தவன் சொல்கிறேன் என்று நம்பித் தம்பி அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதைச் சரிசெய்யத்தான் இன்று தம்பியின் மலையூரான பிரிஞ்சாங்குக்கு வந்திருக்கிறேன்.

தேயிலைச் சரிவை ஒட்டித் தம்பியின் சாப்பாட்டுக் கடை. பல்கலைக்கழக விடுமுறையில் ஆயிஷா பரிமாறுகிறாள். ஜெர்மானியத் தம்பதி பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கிறார்கள். பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு ஒலிக்கிறது. ஆயிஷா அவர்களிடம் ஜெர்மன் மொழியில் சரளமாகப் பேசிவிட்டு உள்ளே போகிறாள்.

"தொழுதுவிட்டு வருகிறாளாம்" என்று அந்தப் பெண்மணி எனக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார். எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

தம்பியிடம் போகிறேன். "நான் சொன்னது தப்புடா. புள்ளைய அனுப்பு."

"ஒரு வருஷம் போச்சுலா அண்ணே! இப்பத்தான் தோணுச்சா?"

மாவுக் கையைத் துடைத்துவிட்டு, கல்லாவில் கிடந்த இந்த வருடப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

திரும்பி வந்த ஆயிஷாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். படிவத்தைப் பார்த்ததும் சிரிக்கிறாள்.

"அங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழணும்னு போன வருஷமே பாத்து வச்சிட்டேன் பெரியத்தா. தென்கிழக்கு."